வாய்விட்டுத் துதிப்பது எப்படி: வீட்டிலும் வழியிலும் செய்து பழக முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கூட்டத்தில் "எல்லாரும் வாயைத் திறந்து கர்த்தரைத் துதிங்க" என்று பாஸ்டர் சொன்னதும் புதிதாக வந்தவர்கள் தடுமாறுவதை வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று நாலு தடவை வரும். அதற்குள் குரல் இறங்கிவிடும். அடுத்த வாக்கியம் "என் பையனுக்கு ஒரு வேலை..." என்று விண்ணப்பத்துக்குத் தாவும். சிலர் பக்கத்தில் இருப்பவரின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஏறுவார்கள். அவர்களே வீட்டில் தனியாக உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது.

கூச்சம்தான் காரணம் என்பார்கள். கூச்சம் உண்டு, ஆனால் அது சின்னக் காரணம். சொல்ல விஷயம் இல்லாமல் வாயைத் திறப்பதுதான் பெரிய காரணம். அதனால் கீழே உள்ள படிகளில் விஷயம் சேர்க்கும் வேலை முதலில் வருகிறது, சத்தம் பின்னால் வருகிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையானாலும் படிகள் ஒன்றுதான். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தந்திருக்கிறேன். சங்கீதத்துக்குக் கத்தோலிக்கர் திருப்பாடல்களில் அதே எண்ணைப் பார்த்தால் போதும்.

1. முன்னதாகத் தேவையானவை

ஒரு சின்ன நோட்டு, பேனா, வேதாகமம், ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான்.

தண்ணீர் எதற்கு என்றால், காலையில் எழுந்ததும் தொண்டை காய்ந்திருக்கும். அந்தக் குரலில் தொடங்கினால் இரண்டு நிமிடத்தில் கரகரப்பு வரும். "இன்னிக்கு வரலை" என்று விட்டுவிடத் தோன்றும்.

வேதாகமம் புத்தகமாகவே இருக்கட்டும். போனில்தான் படிப்பேன் என்றால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். வசனத்தைத் திறக்கப் போனவர் வாட்ஸ்அப்பில் வந்த குட்மார்னிங் படத்துக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பது தினமும் நடக்கிற கதை.

பின்னணி இசை வேண்டாம். கீபோர்டு ஓடினால் மனம் இளகும், உண்மைதான். ஆனால் இசை நின்றதும் துதியும் நின்றுபோகும். ஆரம்பத்தில் உங்கள் குரல் உங்கள் காதுக்கே வெறுமையாகக் கேட்கட்டும். அதற்குப் பழகுவதும் பயிற்சியில் ஒரு பகுதிதான்.

2. இடமும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள்

மணி பார்த்து வைக்கும் நேரம் இந்தப் பக்கத்து வீடுகளில் நிற்காது. தண்ணீர் ஒரு நாள் ஐந்துக்கு வரும், ஒரு நாள் ஆறரைக்கு வரும். அதனால் மணியை விட்டுவிட்டு ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: "தண்ணி பிடிச்சு முடிச்சதும்", "பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போனதும்", "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு குளிச்சதும்". காசிமேட்டில் விடியலுக்கு முன்பே மீன் ஏலத்துக்குப் போகிறவர்களுக்கு "காலை ஐந்து மணி ஜெபம்" என்ற அறிவுரை எந்த வகையிலும் உதவாது. கூடையை இறக்கிவிட்டு, கையைக் கழுவிவிட்டு உட்காரும் நேரம்தான் அவர்களுக்குக் காலை.

தண்ணீர் பிடிப்பதற்கு முன்னால் துதிக்க உட்காராதீர்கள். காது முழுக்கக் குழாயடியில் இருக்கும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள ஹவுசிங் போர்டு வீட்டில் தனி ஜெப அறைக்கு எங்கே போவது? மொட்டை மாடி, சமையல்கட்டு, படிக்கட்டின் திருப்பம், எதுவானாலும் சரி. தினமும் ஒரே இடமாக இருந்தால் போதும். இடம் மாறிக்கொண்டே இருந்தால் முதல் சில நிமிடங்கள் சுற்றிப் பார்ப்பதிலேயே போய்விடும்.

சத்தத்தின் அளவு: ஒரே பாயில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசும் அளவு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இப்போதுதான் வேலையிலிருந்து வந்து படுத்திருப்பார். "ஒருவன் அதிகாலையிலே எழுந்து உரத்த சத்தத்தோடே தன் சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும்" என்று நீதிமொழிகள் 27:14 சொல்கிறது. சாலொமோன் காலத்திலும் சுவர் மெல்லிசாகத்தான் இருந்திருக்கும் போல.

3. முந்தின நாளை மூன்று வரியில் எழுதுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போக நினைப்பது இந்தப் படியைத்தான். இதைத் தாண்டினால் மீதி எதுவும் நிற்காது.

"என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது சங்கீதம் 103:2. உபகாரம் மறந்துபோகும் என்பதால்தான் மறவாதே என்கிறார். நேற்று மத்தியானம் நடந்த நல்லது இன்று காலைக்குள் போய்விடும். நேற்று யாரோ முகம் சுளித்தது மட்டும் அப்படியே இருக்கும். அதனால் படுக்கப் போகும் முன் மூன்று வரி எழுதுங்கள்.

எழுதும்போது ஒரே ஒரு விதி: நடந்த இடமும் சம்பந்தப்பட்ட ஆளும் வரியில் இருக்க வேண்டும்.

"நல்ல சுகத்துக்காக ஸ்தோத்திரம்" என்று எழுதினால் அது எல்லா நாளுக்கும் பொருந்தும். எல்லா நாளுக்கும் பொருந்துவது நாலாம் நாள் சலித்துவிடும். "அம்மா இன்னிக்கு டோல்கேட் பஸ் ஸ்டாப் வரைக்கும் தானா நடந்து வந்தாங்க, நடுவுல உட்காரவே இல்லை" என்று எழுதுங்கள். சுகம் என்பது அந்த நாளில் எப்படி இருந்தது என்று அதில் தெரிகிறது. காலையில் அதைப் படித்தால், அம்மா செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து வந்தது கண்ணுக்கு வரும், வாயும் தானாகத் திறக்கும்.

பெரிய அற்புதத்துக்குக் காத்திருக்காதீர்கள். "கரண்ட் போனப்போ குழந்தை எழுந்திருக்கலை." "மீன் மிஞ்சிடும்னு நினைச்சேன், கடைசி ரெண்டு கிலோவை ஹோட்டல்காரர் வாங்கிட்டார்." "வட்டிக்காரர் இன்னிக்குக் கத்தலை." இவை போதும்.

இங்கே ஒரு தப்பு சத்தமில்லாமல் நுழையும். "பக்கத்து வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல், எங்களுக்கு வரலை, ஸ்தோத்திரம்." கேட்க நன்றிபோல இருக்கும். லூக்கா 18-ல் பரிசேயன் "மற்ற மனுஷரைப்போல" நான் இல்லை என்று சொல்லித்தான் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தினான். அடுத்தவர் கஷ்டத்தை வைத்து உங்கள் நன்மையை அளக்கும் வரியை அடித்துவிடுங்கள். அந்த வீட்டுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, அதை எழுதுங்கள்.

எழுதப் படிக்க வராதவர்கள் என்ன செய்வது? விரல் மடக்கினால் போதும். படுக்கும்போது மூன்று விரல், மூன்று விஷயம், வாயால் சொல்லிவிட்டுப் படுப்பது. எழுத்தைவிட இது நன்றாக நினைவில் நிற்பதைப் பல பாட்டிமாரிடம் பார்க்கிறேன்.

4. வாயைத் திறக்கும் வரிசை

இப்போதுதான் சத்தம். நான்கு சின்னப் படிகள்.

முதலில் ஒரு வசனத்தைச் சத்தமாக வாசியுங்கள். சொந்த வார்த்தை வருவதற்குமுன் வாய்க்கு ஒரு துணை வேண்டும். "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும், அப்பொழுது என் வாய் உம்முடைய புகழை அறிவிக்கும்" என்ற சங்கீதம் 51:15 ஆரம்பத்துக்கு ஏற்றது. நேரமே இல்லாத நாளில் 117-ஐ முழுதாக வாசித்துவிடலாம், இரண்டே வசனம்தான்.

இரண்டாவது, நோட்டில் உள்ள ஒரு வரியை எடுத்து, நடந்ததை ஆண்டவரிடம் கதையாகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியும். சொல்லச் சொல்லத்தான் அது அவர் செய்தது என்று உங்களுக்கு உறைக்கும்.

மூன்றாவது, அந்தச் செயலிலிருந்து செய்தவரிடம் போங்கள். இப்படிச் செய்தவர் எப்படிப்பட்டவர்? அதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள்.

நான்காவது, நிறுத்துங்கள். நாலு மூச்சு சும்மா இருங்கள். பிறகு அடுத்த வரி.

ஒரு உதாரணம். நோட்டில் இருப்பது: "லாரி வரலை. கீழ் வீட்டு அக்கா ரெண்டு குடம் கொடுத்தாங்க." வாயில் வருவது:

"ஆண்டவரே, நேத்து லாரி வரலை. வீட்ல ஒரு சொம்பு தண்ணிதான் இருந்தது. யார்கிட்ட போய்க் கேட்கிறதுன்னு நின்னேன். நான் கேட்கிறதுக்கு முன்னாடியே அந்த அக்கா ரெண்டு குடத்தை வாசல்ல கொண்டாந்து வெச்சாங்க. உமக்கு ஸ்தோத்திரம். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே என் தேவையை அறிஞ்ச தகப்பன் நீர். உம்மைத் துதிக்கிறேன்."

கடைசிக்கு முந்தின வாக்கியம் மத்தேயு 6:8-லிருந்து வந்தது. வேண்டிக்கொள்வதற்கு முன்னமே பிதா அறிந்திருக்கிறார் என்ற வசனம். அப்படி வசனம் தானாக வந்து ஒட்டிக்கொண்டால் நல்லது. ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை, தேடிக்கொண்டு நிற்காதீர்கள். பேசும் தமிழில் சொல்வதில் ஒரு குறையும் இல்லை. நீர், உமக்கு, உம்மை என்ற சொற்கள் மட்டும் பழக்கத்தால் அப்படியே நின்றுவிடும். அது எல்லாச் சபையிலும் உள்ளதுதான்.

செயல் முன்னால், குணம் பின்னால் என்ற வரிசைக்குக் காரணம் உண்டு. "நீர் நல்லவர், நீர் வல்லவர், நீர் பெரியவர்" என்று குணத்தில் தொடங்குகிறவர்களுக்கு அரை நிமிடத்தில் சொல் தீர்ந்துவிடுகிறது. சங்கீதம் 136-ஐப் பாருங்கள். 26 வசனங்களிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு விஷயம் நிற்கிறது: வானம், சூரியன், எகிப்து, செங்கடல், வனாந்தரம். விஷயம் மாறுவதால்தான் ஒரே வாக்கியத்தை 26 தடவை சொல்ல முடிகிறது.

5. விண்ணப்பத்தை ஓரமாக வையுங்கள்

கேட்பது தப்பில்லை. ஆனால் துதியின் நடுவே கேட்கத் தொடங்கினால் மனம் துதிக்குத் திரும்பாது.

அது எங்கே நுழைகிறது என்று கவனித்தால் பிடித்துவிடலாம். "அதே மாதிரி" என்ற சொல்லில் நுழையும்: "போன வருஷம் அண்ணனுக்கு வேலை கொடுத்தீரே, அதே மாதிரி தம்பிக்கும்..." "ஆனா" என்ற சொல்லிலும் நுழையும்: "சுகம் கொடுத்தீர், ஆனா இந்தக் கடன்..." இந்த இரண்டு சொல்லும் வாயில் வந்தால் நிறுத்துங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி "தம்பி வேலை", "கடன்" என்று ஒரு சொல் எழுதிவிட்டு, விட்ட இடத்துக்கு வாருங்கள். எழுதி வைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் மனசு அடங்கும்.

துதி முடிந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் கேளுங்கள். இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" முதலில் வருகிறது, அப்பம் பின்னால்தான்.

6. சத்தத்தில் நடக்கும் தவறுகள்

சபையில் பாஸ்டர் மைக்கில் பேசும் குரலை வீட்டில் எடுத்துக்கொள்வது முதல் தவறு. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூச்சை இழுத்து "ஹா" என்று முடிப்பது, திடீரென்று உச்சத்துக்குப் போவது எல்லாம் அவருடைய பழக்கம். உங்கள் தொண்டைக்கு அது கனம். வீட்டில் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் குரல் எதுவோ அதுதான் உங்கள் குரல்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அடங்கிய சின்னப் புத்தகம் பலர் வீட்டில் இருக்கிறது. நல்ல புத்தகம்தான், விஷயம் வறண்ட நாளில் கைகொடுக்கும். ஆனால் ஆயிரத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்று வேகம் பிடித்தால், "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6:7 சொல்வது நினைவுக்கு வர வேண்டும். பத்து வாசியுங்கள். அதில் எது உங்கள் நேற்றைய நாளைத் தொட்டதோ அதில் நில்லுங்கள், அன்றைக்கு அது போதும்.

மூன்றாவது, கண்ணீர் வரவில்லையே என்ற கவலை. வந்தால் வரட்டும், வராவிட்டால் விடுங்கள். மத்தேயு 15:8-ல் உதடு கிட்டே, இருதயம் தூரம் என்று ஆண்டவர் கடிந்துகொண்டது உண்மை. அதற்கு வழி அழுவது என்று அங்கே எழுதியில்லை. சொல்வது உண்மையா என்று பாருங்கள். உண்மையில்லாத வரியை அடுத்த நாள் சொல்லாதீர்கள்.

வீட்டில் மற்றவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாதபோது, அதுவும் புது மருமகளாக இருந்தால், இந்தப் படியில் பக்குவம் வேண்டும். மாமியார் விளக்கேற்றும் நேரத்தில் போட்டியாகக் குரல் எழுப்பாதீர்கள். அது துதியாகக் கேட்காது, சண்டையாகத்தான் கேட்கும். பாத்திரம் தேய்க்கும்போது, மிக்ஸி ஓடும்போது, துணி காயப்போட மாடிக்குப் போகும்போது வாய்க்குள்ளேயே சொல்லலாம். அன்னாள் ஆலயத்தில் ஜெபித்தபோது அவள் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை என்று 1 சாமுவேல் 1:13 சொல்கிறது. கர்த்தருக்குக் கேட்டது. ஆனால் உதடாவது அசையட்டும். மனசுக்குள் மட்டும் என்று வைத்தால் இரண்டாவது வரியில் மத்தியானக் குழம்புக்கு யோசனை போய்விடும்.

7. வழியிலும் வேலையிலும்

"ஒருநாளில் ஏழுதரம் உம்மைத் துதிக்கிறேன்" என்று சங்கீதம் 119:164-ல் இருக்கிறது. ஏழு என்பதை மணிக்கணக்காக்க வேண்டாம். தினமும் எப்படியும் நிற்க வேண்டிய இடங்களோடு கட்டிக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு வரி. கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எண்ணூர் ரோட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு வரி. லிஃப்ட் வேலை செய்யாமல் நாலு மாடி ஏறும்போது மாடிக்கு ஒன்று.

ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே துதிக்கலாம், யாருக்கும் கேட்காது. கண்ணை மட்டும் மூடாதீர்கள்.

லாரிக்குப் பின்னால் நிற்கும் அந்த இடம்தான் உண்மையான சோதனை. "துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது. என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது" என்கிறார் யாக்கோபு (3:10). நம் ஏரியாவில் வசவுக்குப் பஞ்சமில்லை. பாதிப் பேருக்கு அது கோபத்தில்கூட வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது. வாயில் வந்துவிட்டால் அதோடு துதியையும் அன்றைக்கு விட்டுவிடாதீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.

வேலையிடத்தில் வாடிக்கையாளர் முன் காட்சியாக்க வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்து "அல்லேலூயா" என்று சொல்லிக்கொண்டே சில்லறை குறைத்துக் கொடுத்தால் கெட்டுப்போவது யார் பெயர்?

8. துக்க நாட்களில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பியிருக்கும் வீடுகளில் அடுப்பு எரிவதே கணக்குப் பார்த்துத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது படகும் வலையும் கறுத்துப்போயின. அப்படிப்பட்ட நேரத்தில் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம்" என்று ஒருவர் வந்து சொன்னால் எரிச்சல்தான் வரும். அதில் நியாயமும் இருக்கிறது.

இந்த நாட்களில் நான்காம் பகுதியில் சொன்ன வரிசை மாறும். முதலில் முறையீடு, அதுவும் வாய்விட்டு. சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் நான்கும் "எதுவரைக்கும் கர்த்தாவே" என்ற கேள்வியும் கெஞ்சலும்தான். ஐந்தாவதில்தான் நம்பிக்கை எட்டிப்பார்க்கிறது, ஆறாவதில் பாட்டு. முறையீட்டை விழுங்கிவிட்டு நேரே ஆறாவதுக்குப் போகிறவர்களின் துதியில் பொய் கலந்துவிடும், அது அவர்கள் காதுக்கே தெரியும்.

சொந்தச் சொல் வரவில்லை என்றால் ஆபகூக் 3:17, 18-ஐ உங்கள் தொழிலுக்கு மாற்றிச் சொல்லுங்கள். அவர் அத்திமரம், திராட்சச்செடி, தொழுவத்து மாடு என்று தன் ஊரில் இல்லாமல் போனதை வரிசையாகச் சொல்கிறார். நீங்கள் "வலையில் மீன் இல்லாமற்போனாலும், ஐஸ் பெட்டி காலியாக இருந்தாலும்" என்று சொல்லலாம். இல்லாததைப் பெயர் சொல்லிச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்பதற்கு வாருங்கள்.

துதித்தால் பிரச்சினை தீரும் என்று பேரம் பேசாதீர்கள். பவுலும் சீலாவும் நடுராத்திரியில் சிறையில் பாடினார்கள் (அப்போஸ்தலர் 16:25). கதவு திறக்கும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

இன்னொன்று: சாவு வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்று யாரும் சொல்லக்கூடாது. பக்கத்தில் உட்காருங்கள். துதிப்பது அவராக, அவருடைய காலத்தில் செய்வது.

9. குடும்பமாகச் செய்யும்போது

ஆளுக்கு ஒரு விஷயம். சின்னப் பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்கள் முதலில் சொன்னால் பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். "மிஸ் அடிக்கலை" என்று பிள்ளை சொன்னால் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். அப்பா இதைப் பிரசங்கமாக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் மறுநாளும் வருவார்கள்.

வீட்டுக்கூட்டத்துக்கு ஸ்பீக்கர் வைப்பதென்றால், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. ஒற்றை அறைக்கு மைக் எந்த நேரத்திலும் தேவையில்லை என்பது என் கருத்து.

10. விட்டுப்போனால், நோட்டு நிறைந்தால்

விட்டுப்போன நாட்களுக்குச் சேர்த்து வைத்துத் துதிக்காதீர்கள். அது பாக்கி கட்டுவதுபோல் ஆகி இன்னும் தள்ளிப்போடச் சொல்லும். இன்றைய மூன்று வரியில் தொடங்கினால் போதும்.

மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி வரிகள் திரும்பத் திரும்ப வந்தால் பார்வை குறுகியிருக்கிறது. சங்கீதம் 104-ஐ வாசித்துவிட்டு வீட்டுக்கு வெளியே உள்ளதையும் எழுதத் தொடங்குங்கள்: கடல், மழை, தெருநாய் போட்ட குட்டி. கடைசிப் பக்கத்து விண்ணப்பங்களில் பதில் வந்தவற்றுக்குப் பக்கத்தில் தேதி போடுங்கள். குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுத்தமானபோது ஒருவன்தான் "உரத்த சத்தத்தோடே தேவனை மகிமைப்படுத்தி"த் திரும்பி வந்தான் (லூக்கா 17:15). தேதி போடாவிட்டால் நாமும் அந்த ஒன்பது பேரில் சேர்ந்துவிடுவோம்.

பழைய நோட்டைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். அப்போது என்ன சொல்வது என்று விழிக்க வேண்டியிருக்காது. ஒரே ஒரு விஷயத்தை எடுத்து மூன்று நிமிடத்தில் சொல்லி முடியுங்கள். அதில் வேறொருவர் கடனோ நோயோ குடும்பச் சண்டையோ வந்தால், மைக்கைப் பிடிப்பதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுங்கள்.